கடையில் வாங்கிய டாஸ் கேம், டாஸ் கணினியிலேயே ஏன் ஓடுவதில்லை?

கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பழைய இயங்குதளமான டாஸுக்காக 1990-களில் வந்த ஒரு கேமை ஜிஓஜி, ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் வாங்கப் போனால், "குறைந்தபட்சத் தேவை: விண்டோஸ் 10" என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த கேம் எழுதப்பட்டது 4 எம்பி மெமரியும் 386 என்ற பழைய சிப்பும் கொண்ட கணினிக்கு. அப்படிப்பட்ட ஒரு 386-ஐயோ 486-ஐயோ தேடிப் பிடித்து, பழுது பார்த்து, மேசையில் வைத்திருப்பவர் இங்கேதான் குழம்பிப் போகிறார்: காசு கொடுத்து முறையாக வாங்கிய கேம், அது பிறந்த கணினியிலேயே ஓடாதா?

பெரும்பாலான டாஸ் கேம்கள் ஓடும். ஆனால் கடை கொடுக்கிற பொட்டலத்தோடு ஓடாது, அதைப் பிரித்தாக வேண்டும். விண்டோஸ் 95, 98 காலத்து கேம்களில் பாதி அதிர்ஷ்டம், பாதி உழைப்பு. அண்மையில் புதுப்பித்து வெளியிட்ட பதிப்புகள் என்றால் ஆசையே வேண்டாம். இந்த மூன்றுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பது, கடை உண்மையில் எதை விற்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

கடை விற்பது மூன்று அடுக்குகள்

இன்றைய 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்கள் எதுவும் ஓடாது. டாஸ் நிரல்களும் அதோடு போயின. அதனால் பழைய கேமை அப்படியே விற்றால் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது திறக்கக்கூடத் திறக்காது. எனவே கடைகள் இப்படிக் கட்டித் தருகின்றன:

1. வெளி அடுக்கு, இன்ஸ்டாலர். ஜிஓஜி தருவது இன்னோ செட்டப் என்ற கருவியால் கட்டிய விண்டோஸ் நிரல். ஸ்டீமில் தனி இன்ஸ்டாலர் கிடையாது, ஸ்டீம் செயலியே இறக்கி வைத்துவிடும்.

2. நடு அடுக்கு, எமுலேட்டர் (வேறொரு கணினியைப் போல நடிக்கும் நிரல்) அல்லது இடைமாற்றி. டாஸ் கேம் என்றால் பெரும்பாலும் டாஸ்பாக்ஸ். சாகச வகை கேம்களில் பலவற்றுக்கு ஸ்கம்விஎம். விண்டோஸ் 98 காலத்து கேம் என்றால் பழைய கிராஃபிக்ஸ் அழைப்புகளைப் புதியவையாக மாற்றும் சில டிஎல்எல் ஃபைல்கள் (நிரல்கள் கூடச் சேர்த்துப் பயன்படுத்தும் துணை ஃபைல்கள்).

3. உள் அடுக்கு, மூல கேம். அன்று வட்டில் வந்த எக்ஸி ஃபைல் (கேமை ஓட்டும் நிரல்), தரவு ஃபைல்கள், சில சமயம் முழு சிடியின் இமேஜ், அதாவது சிடியை அப்படியே நகலெடுத்த ஃபைல்.

பழைய கணினிக்கு வேண்டியது மூன்றாவது மட்டும். முதல் இரண்டும் அங்கே ஓடவும் ஓடாது, தேவையும் இல்லை. டாஸ்பாக்ஸ் என்பதே ஒரு பழைய கணினியின் போலி. உண்மையான கணினியே கையில் இருக்கும்போது போலி எதற்கு?

ஆக, உள் அடுக்கு முழுசாக இருக்கிறதா, கடை அதில் கை வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்ஸ்டாலரைப் பிரிப்பது

பழைய கணினியிலிருந்தே கடையின் தளத்துக்குப் போய் இறக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். நடக்காது. இன்றைய தளங்கள் டிஎல்எஸ் 1.2 அல்லது அதற்கு மேற்பட்ட மறையாக்கத்தைக் கேட்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த பிரௌசருக்கு டிஎல்எஸ் 1.0-க்கு மேல் தெரியாது, விண்டோஸ் 98-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டீம் செயலி 2019 தொடக்கத்தில் எக்ஸ்பியையும் விஸ்டாவையும் கைவிட்டது, 2024 தொடக்கத்தில் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டது. ஆகவே ஒரு புதிய கணினி பக்கத்தில் கட்டாயம் வேண்டும்.

ஜிஓஜி கேமுக்கு இரண்டு வழிகள். ஒன்று, புதிய கணினியில் வழக்கம்போல இன்ஸ்டால் செய்து, அந்த ஃபோல்டரை அப்படியே எடுத்துக்கொள்வது. இன்னொன்று, இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற இலவசத் திறமூலக் கருவி. இது இன்ஸ்டாலரை ஓட்டாமலே உள்ளிருக்கும் ஃபைல்களை வெளியே எடுத்துவிடும், லினக்ஸிலும் மேக்கிலும்கூட வேலை செய்யும். இன்ஸ்டாலர் மிகப் புதியதாக இருந்து கருவி மறுத்தால் முதல் வழிக்கே திரும்ப வேண்டியதுதான்.

எக்ஸ்பி கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்னோ செட்டப்பின் 6-ஆம் பதிப்பு (2019) எக்ஸ்பி ஆதரவை விட்டுவிட்டது. கேம் எக்ஸ்பிக்காகவே எழுதப்பட்டிருக்கும், ஆனாலும் அந்தப் பதிப்பால் கட்டிய இன்ஸ்டாலர் எக்ஸ்பியில் திறக்காது. இன்ஸ்டாலர் திறக்கவில்லை என்பதால் கேமே ஓடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம், இரண்டும் வேறு வேறு.

ஸ்டீமில் டிஆர்எம் பூட்டு (நகலெடுத்து ஓட்டுவதைத் தடுக்கும் ஏற்பாடு) என்பது கேம் வெளியிடுபவரின் விருப்பம். டாஸ்பாக்ஸோடு விற்கும் கேம்களில் பொதுவாக உள்ளிருக்கும் டாஸ் ஃபைல்களில் பூட்டு இருப்பதில்லை, ஸ்டீம் பற்றி அந்த ஃபைல்களுக்கு எதுவும் தெரியாது. கேம் ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் கண் முன்னே கிடக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பது

இப்போது ஒரு ஃபோல்டர் கையில் இருக்கிறது. இதில் எதை எடுப்பது, எதை விடுவது? பலர் இங்கே குத்துமதிப்பாக நகலெடுத்து மாட்டிக்கொள்கிறார்கள், அதற்கு அவசியமே இல்லை. டாஸ்பாக்ஸின் அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃப் (.conf) ஃபைல் ஒன்றோ இரண்டோ அங்கே இருக்கும், அதை ஏதாவது ஒரு எடிட்டரில் திறந்து கடைசிப் பகுதியான ஆட்டோஎக்செக் பகுதியைப் படியுங்கள். எந்த ஃபோல்டர் சி டிரைவாக மவுண்ட் ஆகிறது, எந்த இமேஜ் டி டிரைவாக மவுண்ட் ஆகிறது, கடைசியில் எந்த எக்ஸி ஓடுகிறது என்பதெல்லாம் அங்கே வரிசையாக எழுதியிருக்கும். பழைய கணினியில் நீங்கள் செய்ய வேண்டியதும் அதே வரிசைதான். இந்த ஒரு ஃபைலைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

ஸ்கம்விஎம்மோடு வரும் கேம்களில் சிக்கல் இருக்கலாம். ஸ்கம்விஎம் எமுலேட்டர் அல்ல. அது மூல எக்ஸியை ஓட்டுவதில்லை, அதற்குப் பதிலாகத் தானே அந்த கேமின் எஞ்சினாக நின்று தரவு ஃபைல்களை மட்டும் வாசிக்கிறது. எனவே விற்பவர் எக்ஸியைச் சேர்க்காமல் விட்டிருந்தாலும் புதிய கணினியில் எந்தக் குறையும் தெரியாது, பழைய கணினியில்தான் கேம் தொடங்கவே வழியில்லாமல் நிற்கும்.

இதற்கு நேர்மாறான நல்ல நிலைமையும் உண்டு. 1993-இல் வந்த டூமில் எஞ்சின் தனி, வாட் என்ற தரவு ஃபைல் தனி. எஞ்சினின் மூல நிரலும் 1997-இல் வெளியிடப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட கேம்களில் வாங்கிய தரவு ஃபைல் ஒழுங்காக இருந்தால் போதும், டாஸில் ஓடும் எஞ்சினை வேறு இடத்திலிருந்தும் கொண்டுவர முடியும்.

பழைய வட்டுக்குக் கொண்டு சேர்ப்பது

காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுதான் இங்கே எல்லோருக்கும் கைகொடுப்பது. அது மின்னளவில் ஐடிஇ (பழைய ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை) வட்டாகவே நடந்துகொள்ளும், அதனால் ஒரு எளிய அடாப்டர் போட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டிவிடலாம். பிறகு கார்டைக் கழற்றி, புதிய கணினியில் ரீடரில் செருகி, ஃபைல்களைப் போட்டு, திரும்ப மாட்டினால் ஆயிற்று. மூன்று எல்லைகளை மட்டும் நினைவில் வையுங்கள்:

1. பழைய 486 கணினிகளின் பயாஸ்கள் (கணினியைத் தொடக்கி வைக்கும் உள்நிரல்கள்) பல 504 எம்பிக்கு மேல் வட்டைப் பார்க்காது.

2. எம்எஸ்-டாஸ் 6.22-க்கு ஹார்ட் டிஸ்க்கில் ஃபாட்16 என்ற ஃபைல் அமைப்பு முறை மட்டும்தான் தெரியும், ஒரு பார்ட்டிஷன் (வட்டைப் பிரித்த ஒரு பகுதி) 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஃபாட்32 வேண்டுமானால் விண்டோஸ் 98-இன் டாஸ் 7.1 அல்லது ஃப்ரீடாஸ்.

3. டாஸில் ஃபைல் பெயர் எட்டு எழுத்து, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் மூன்று எழுத்து. கடை வைத்த நீளமான ஃபோல்டர் பெயர்களைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள்.

கார்டைப் பார்ட்டிஷன் பிரித்து ஃபார்மட் செய்வதைப் பழைய கணினியிலேயே செய்வது நல்லது. புதிய கணினி கணக்கிடும் வட்டு வடிவமும் பழைய பயாஸ் கணக்கிடுவதும் ஒத்துப்போகாமல் போனால் கார்டிலிருந்து பூட் ஆகாது.

சிடி இமேஜ்: இசை காணாமல் போகும் இடம்

ஃப்ளாப்பி காலத்து கேம் என்றால் மேலே சொன்னதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சிடி கேம்களுக்குத்தான் பொறுமை வேண்டும்.

ஜிஓஜி ஃபோல்டர்களில் கேம்.ஐஎன்எஸ், கேம்.ஜிஓஜி என்பது போல இரண்டு ஃபைல்கள் அடிக்கடி தென்படும். பெயர்தான் புதிது. முதலாவது கியூ ஷீட், அதாவது சிடியில் எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல். இரண்டாவது 'பின்' (.bin) ஃபைல், அதாவது சிடியின் முழு உள்ளடக்கம். பெயர்களின் கடைசிப் பகுதியை .cue, .bin என்று மாற்றி, கியூ ஷீட்டின் உள்ளே எழுதியிருக்கும் ஃபைல் பெயரையும் திருத்திவிட்டால், எந்த நல்ல சிடி எழுதும் மென்பொருளும் அதை ஏற்றுக்கொள்ளும்.

அந்தக் காலத்து கேம் சிடிகள் பலவற்றில் முதல் டிராக் மட்டுமே தரவு. இரண்டாவது டிராக்கிலிருந்து சாதாரண ஆடியோ சிடி போல இசை பதிவாகியிருக்கும். 1996-இல் வந்த குவேக் நல்ல உதாரணம், அதன் பின்னணி இசை முழுவதும் சிடி டிராக்குகள்தான். ஐஎஸ்ஓ வடிவத்தில் தரவு டிராக் மட்டுமே அடங்கும். ஆகவே யாராவது "இமேஜை ஐஎஸ்ஓவாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அப்படியே செய்தால், கேம் ஓடும், இசை வராது. ஒலி அட்டையில் கோளாறோ என்று தேட ஆரம்பித்துவிடுவோம்.

இன்னொரு நுணுக்கம். இடத்தை மிச்சப்படுத்த இசை டிராக்குகளை ஓஜிஜி ஃபைல்களாகச் சுருக்கி, கியூ ஷீட்டில் அவற்றைக் குறிப்பிட்டிருப்பார்கள். டாஸ்பாக்ஸுக்கு அது புரியும், சிடி எழுதும் கருவிக்கு அநேகமாகப் புரியாது. ஒவ்வொன்றையும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16-பிட், ஸ்டீரியோ வேவ் ஃபைலாக மாற்றி, கியூ ஷீட்டையும் அதற்கேற்பத் திருத்திய பிறகே எழுத வேண்டும்.

எழுதியாயிற்று, ஆனாலும் இசை வரவில்லையா? கணினியின் மூடியைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் சிடி இசை, கணினியின் தரவுப் பாதை (பஸ்) வழியாகப் போகாமல் டிரைவின் பின்புறத்திலிருந்து ஒலி அட்டைக்கு ஒரு மெல்லிய நான்கு முனைக் கேபிளில் நேரடியாகப் போகும். கைமாறி வந்த கணினிகளில் அந்தக் கேபிள் இல்லாமல் இருப்பது சகஜம்.

சிடி எழுத மனமில்லை, இசை டிராக்கும் இல்லாத கேம் என்றால், ஐஎஸ்ஓவை டாஸிலேயே ஒரு டிரைவாகக் காட்டும் ஷசுசிடிஹெச்டி (SHSUCDHD) என்ற சிறு நிரல் உண்டு. தரவுக்கு மட்டும்தான் அது. சிடியின் ஃபைல்களை வெறும் ஃபோல்டரில் கொட்டி வைப்பது பல கேம்களுக்குப் போதாது, ஏனென்றால் வட்டின் லேபிள் பெயரைச் சரிபார்த்த பிறகே அவை தொடங்கும்.

டாஸ்பாக்ஸ் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள்

நடு அடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டோம். அது நமக்காகச் செய்துகொண்டிருந்த மூன்று வேலைகள் இப்போது நம் தலையில்.

1. மெமரி. டாஸ் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைப்பது முதல் 640 கேபி. கணினியில் எத்தனை எம்பி இருந்தாலும் இந்த எல்லை மாறாது. டாஸ்பாக்ஸில் இந்த 640-இல் கிட்டத்தட்ட முழுவதும் காலியாகக் கிடைக்கும், ஏனென்றால் மவுஸ், சிடி, ஒலி இயக்கிகள் (டிரைவர்கள்) எல்லாம் மெமரிக்கு வெளியே எமுலேட்டரிலேயே இருக்கின்றன. உண்மையான கணினியில் ஒவ்வொரு இயக்கியும் அந்த 640-இலிருந்துதான் பங்கு எடுக்கும். கேம் "மெமரி போதவில்லை" என்று நின்றால், டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ஹைமெம்.சிஸ், இஎம்எம்386 என்ற இரண்டு மெமரி நிர்வாகிகளையும் ஏற்றி, டாஸையும் இயக்கிகளையும் மேல் பகுதிக்குத் தள்ள வேண்டும். மெம் கட்டளையை /சி சேர்த்து ஓட்டினால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். இதிலும் விதிவிலக்கு உண்டு: 1992-இன் அல்டிமா 7 தனக்கென்று ஒரு மெமரி நிர்வாகியை வைத்திருக்கிறது, இஎம்எம்386 இருந்தால் ஓடவே மாட்டேன் என்னும். அதற்காகவே எம்எஸ்-டாஸ் 6-இல் வந்த பூட் மெனு வசதி, ஒரே கணினியில் இரண்டு மூன்று அமைப்புகளை வைத்துக்கொள்ள.

2. ஒலி. கடை கொடுக்கும் கேமில் ஒலி ஏற்கெனவே அமைத்துத் தரப்பட்டிருக்கும், ஆனால் டாஸ்பாக்ஸின் போலி சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைக்கு ஏற்ப. அட்டையோடு பேச கேம் பயன்படுத்தும் எண்கள் இவை: முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. உண்மையான அட்டைகள் பலவற்றில் ஐஆர்க்யூ 5. ஒரே ஒரு எண் மாறியதால் கேம் முதல் சத்தத்தில் உறைந்து நிற்கும், அல்லது ஒரே ஒலித்துணுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கேம் ஃபோல்டரில் செட்டப் அல்லது செட்சவுண்ட் என்ற எக்ஸி இருக்கும், அதை ஓட்டி உங்கள் அட்டையின் எண்களைக் கொடுங்கள். ஆட்டோஎக்செக்.பேட்டில் உள்ள பிளாஸ்டர் வரியும் அதே எண்களைச் சொல்ல வேண்டும். ரோலண்ட் எம்டி-32 போன்ற வெளி இசைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்த செட்டப் திரைதான் வாசல். எமுலேட்டரில் வராத சுகம் அது.

3. வேகம். ஆரம்பகால கேம்கள் பல நேரத்தை அளக்காமல், கணினி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும்படி எழுதப்பட்டவை. 1990-இன் விங் கமாண்டரை வேகமான 486-இல் போட்டால் எதிரி வருவதும் தெரியாது, நாம் சாவதும் தெரியாது. டாஸ்பாக்ஸ் சைக்கிள் எண் (எவ்வளவு வேகத்தில் நடிக்க வேண்டும் என்ற அளவு) வைத்து இதைக் கட்டுப்படுத்தும். உண்மையான கணினியில் வேகத்தைக் குறைக்க உதவும் டர்போ பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லையென்றால் பயாஸில் கேஷ் மெமரியை அணைத்துப் பாருங்கள், அல்லது மோஸ்லோ, செட்மல் போன்ற வேகம் குறைக்கும் நிரல்கள். இன்னொரு வகைச் சிக்கல் "ரன்டைம் எரர் 200". டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதிய பல நிரல்கள் தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் கணக்குப் போடும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினியில் அந்த விடை 16-பிட்டுக்குள் அடங்காமல் நிரல் விழுந்துவிடும். எக்ஸியைத் திருத்தும் சிறு பேட்ச்கள் இதற்கு உண்டு.

இந்த மூன்றையும் சரிசெய்வதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கணினியை வைத்திருப்பதன் அர்த்தமே இதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் 95, 98 கேம்கள் ஏன் முரண்டு பிடிக்கின்றன

டாஸ் கேமில் நடு அடுக்கும் உள் அடுக்கும் தனித்தனியாக இருக்கும், எளிதில் பிரிக்கலாம். விண்டோஸ் கேமில் இரண்டும் ஒரே ஃபோல்டரில் கலந்துகிடக்கும்.

முதலில் டிடிரா.டிஎல்எல், கிளைட்2எக்ஸ்.டிஎல்எல் போன்ற ஃபைல்கள் கேம் ஃபோல்டரிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது முதலில் நிரலின் சொந்த ஃபோல்டரில்தான் தேடும். இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தித்தான் கடைகள் தங்கள் இடைமாற்றியை நுழைக்கின்றன. அந்த இடைமாற்றிகள் புதிய விண்டோஸுக்கு எழுதப்பட்டவை, விண்டோஸ் 98-இல் ஏறாது. அவற்றை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டால், கேம் கணினியின் சொந்த டைரக்ட்எக்ஸையோ (விண்டோஸின் கிராஃபிக்ஸ் வசதி), 3டிஎஃப்எக்ஸ் வூடூ கிராஃபிக்ஸ் அட்டையின் உண்மையான கிளைட் இயக்கியையோ பிடித்துக்கொள்ளும். பல கேம்கள் இவ்வளவிலேயே ஓடிவிடும்.

அடுத்தது ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம். எந்த ஃபோல்டரில் இருக்கிறோம், எந்த டிரைவில் சிடி என்பதைப் பல கேம்கள் அங்கிருந்துதான் படிக்கும். இன்ஸ்டாலரை ஓட்டாமல் ஃபைல்களை மட்டும் எடுத்தால் அந்தப் பதிவுகள் இருக்காது. புதிய கணினியில் இன்ஸ்டால் செய்து, அங்கே உருவான பதிவுகளை ஏற்றுமதி செய்து, பாதையைத் திருத்தி, பழைய கணினியில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் கை விரிக்க வைப்பது: எக்ஸியே மாற்றப்பட்டிருக்கலாம். உயர்ந்த திரை அளவு, புதிய விண்டோஸின் கோளாறுகளுக்குத் திருத்தம், இப்படி ஏதாவது ஒன்றுக்காக. அந்த மாற்றம் விண்டோஸ் 98-இல் இல்லாத ஒரு வசதியைக் கேட்டால் அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நிறுவனமே வெளியிட்ட அதிகாரபூர்வ பேட்ச் கிடைத்தால், அதில் உள்ள எக்ஸியைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த எக்ஸி மூல சிடியைக் கேட்கும் வாய்ப்பு அதிகம், நகல் தடுப்பு அதில் அப்படியே இருக்கும்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இணையம் இல்லாமலே நிரந்தரமாகப் பயன்படுத்தும்படி இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு அதில் விலக்கு. பழைய கணினிக்காரர்களுக்கு இந்த விலக்கில் வருகிற வகைதான் உதவும். தனி இன்ஸ்டாலரை இறக்கி வைக்க முடிகிற கடையில் வாங்குவதற்கே முதலிடம் கொடுங்கள். உங்கள் சொந்தப் பிரதியை உங்களுடைய இன்னொரு கணினியில் போடுவதைப் பற்றி உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுவதும் நல்லது, ஒவ்வொரு வெளியீட்டாளரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள்.

புதுப்பித்த பதிப்பை வாங்குவதானால், மூலப் பதிப்பும் கூடவே வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜிஓஜியில் பால்டர்ஸ் கேட்டின் மேம்படுத்திய பதிப்பை வாங்குபவர்களுக்கு 1998-இன் மூல கேமும் தனியாக இறக்கக் கிடைக்கிறது. எல்லா வெளியீட்டாளர்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

2024 நவம்பரில் ஜிஓஜி பழைய கேம்களைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் நோக்கம் இன்றைய கணினிகளிலும் நாளைய கணினிகளிலும் அவை ஓட வேண்டும் என்பது. நல்ல வேலை, ஆனால் நமக்கு அது எதிர்த்திசையிலும் இழுக்கலாம். கேம் புதுப்பிக்கப்படும்போது கணக்கில் உள்ள இன்ஸ்டாலரும் மாறிவிடும், நேற்று தொடாமல் இருந்த எக்ஸி இன்று மாறியிருக்கலாம். அதனால் ஒரு கேமை 486-இல் சரியாக ஓட்டிவிட்டீர்கள் என்றால், எந்த இன்ஸ்டாலரிலிருந்து எடுத்தீர்களோ அதன் பதிப்பு எண்ணோடு அந்த இன்ஸ்டாலரையும், திருத்திய கியூ ஷீட்டையும், கான்ஃபிக்.சிஸ் ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு இரண்டு வட்டுகளில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.